பாடையில் படுத்தபடி பாடிய பாட்டுகள்: சாவையும் சிரிப்பையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவைப் பார்த்துச் சிரிக்கும் ஆங்கிலக் குறுங்கவிதைகளையும் கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய வகைப் பாட்டுகளையும் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ரொம்ப நாளாக அறிமுகம் செய்துவருகிறேன். கேட்டவர்களில் சிலர் உடனே சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். அப்புறம் இரண்டு தரப்பும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே எழுதப்பட்டவை.

சாவுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?

சாவில் ஒன்றும் இல்லை. சாவைச் சுற்றி மனிதர்கள் செய்யும் காரியங்களில் நிறைய இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜான் ப்ரைன் 1973இல் வெளியிட்ட 'ப்ளீஸ் டோன்ட் பரி மீ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் புதைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் பாட்டு. காலையில் எழுந்தான், வீட்டுச் செருப்பை மாட்டினான், அடுப்படிக்குப் போனான், செத்தான். பாட்டு தொடங்கிய வேகத்தில் ஆள் காலி. மேலே போனதும் தேவதூதர்கள் நடந்ததை எடுத்துச் சொல்கிறார்கள்: தரையில் வழுக்கி மண்டையில் அடிபட்டுவிட்டது, உயிர் போகும் முன் நீ கடைசியாகச் சொன்னது இதுதான். அந்தக் கடைசிப் பேச்சுதான் பல்லவி.

குளிர்ந்த மண்ணுக்குள் என்னைப் போடாதீர்கள், வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள் என்கிறான். கண்கள், பார்வையில்லாதவருக்கு. காதுகள், கேட்காதவருக்கு, அளவு பெரிசாக இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால். வயிறு மில்வாக்கி நகரத்துக்கு, அங்கே பீர் தீர்ந்துபோனால். மில்வாக்கி பீர் காய்ச்சுவதற்கே பேர்போன ஊர். பாரிஸ் அருங்காட்சியகத்தில் கையில்லாமல் நிற்கும் வீனஸ் சிலைக்குத் தன் இரண்டு கைகள். அப்பா விட்டுப்போன நிலத்தை அண்ணன் தம்பி பங்கு பிரிப்பது மாதிரி ஒரு மனிதன் தன் உடம்பையே பங்கு பிரிக்கிறான். துள்ளலான மெட்டு வேறு. சிரிப்பு அங்கேதான் வருகிறது. கூடவே, உறுப்பு தானம் என்ற நல்ல காரியமும் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

லைட் வெர்ஸ்னா என்ன? காமெடிக் கவிதைன்னு சொன்னா போதாதா?

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடிகள் அளவாக இருக்கும், வரி முடிவில் ஒலி கச்சிதமாக ஒத்துப்போகும், சொல்ல வந்ததைச் சொன்னதும் முடிந்துவிடும். யாப்பு பிசகினால் சிரிப்பும் போய்விடும்.

இங்கிலாந்தில் ஹாரி கிரஹாம் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய நான்கு வரி இது. பில்லி என்ற பையன் புது உடுப்போடு கணப்பு நெருப்பில் விழுந்து சாம்பலாகிப் போனான். அறை குளிரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பாவம், பில்லியைக் கிளறிவிட மனசு வரவில்லை என்கிறார் சொல்பவர். தமிழில் நான் சொல்லும்போது இது கொடூரமாக மட்டும் கேட்கும். ஆங்கிலத்தில் தாலாட்டுப் பாட்டின் சந்தத்தோடு வருவதால், காது ஆட்டம் போட, மனசு திடுக்கிடுகிறது. துக்கத்துக்காக நடையைக் குறைக்காமல் சந்தம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். லைட் வெர்ஸ் சாவைக் கையாளும் முறையே இந்த நிற்காத நடைதான்.

கன்ட்ரி பாட்டுன்னாலே அழுகைதானே?

அழுகை நிறையவே உண்டு. ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' பாட்டைப் பலர் கன்ட்ரி இசையின் உச்சமாகச் சொல்வார்கள். சாகும்வரை உன்னைக் காதலிப்பேன் என்று சொன்ன ஒருவன், இன்றுதான் அவளைக் காதலிப்பதை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்பது பாட்டுக்குள் போகப் போகத்தான் தெரியும். இது அதிகச் சோகம், விலைபோகாது என்று ஜோன்ஸே பதிவு செய்யும்போது சொன்னாராம். கவனித்துப் பார்த்தால் அந்தப் பாட்டின் கட்டுமானம் ஒரு ஜோக்கின் கட்டுமானம். விஷயத்தை மறைத்து வைத்து, சரியான இடத்தில் திறக்கிறது. திறந்ததும் சிரிப்புக்குப் பதில் அழுகை வருகிறது, அவ்வளவுதான்.

அழவைக்கத் தெரிந்த கைக்குச் சிரிக்கவைக்கவும் தெரியும். ஸ்டீவ் குட்மேன் ஒரு பாட்டு எழுதி, இதுதான் குறையே இல்லாத கன்ட்ரி பாட்டு என்று பாடகர் டேவிட் ஆலன் கோவிடம் சொன்னார். அம்மா, ரயில், லாரி, ஜெயில், குடி எதுவுமே இல்லாமல் அது எப்படிக் கன்ட்ரி பாட்டாகும் என்று கேட்டார் கோ. குட்மேன் உடனே கடைசிச் சரணம் ஒன்றைச் சேர்த்தார். அம்மா ஜெயிலிலிருந்து விடுதலையாகும் நாளில் மகன் குடித்திருக்கிறான், மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறான், அவன் போய்ச் சேர்வதற்குள் அம்மா மேல் ரயில் ஏறிவிடுகிறது. ஐந்தும் வந்துவிட்டன. 1975இல் கோவின் குரலில் வெளியான இந்தப் பாட்டை எழுதியதில் ஜான் ப்ரைனுக்கும் பங்கு உண்டு, தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கவிதைக்கும் கன்ட்ரி பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் சேர்த்தே பேசுறீங்க?

ஷெல் சில்வர்ஸ்டீன் என்ற ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்தார். அமெரிக்கக் குழந்தைகள் அவரை 1974இல் வந்த கவிதைப் புத்தகத்தால் அறிவார்கள். கன்ட்ரி ரசிகர்கள் பாடகர் ஜானி கேஷுக்கு அவர் எழுதிக் கொடுத்த பாட்டுகளால் அறிவார்கள். '25 மினிட்ஸ் டு கோ' அவர் எழுதியது. தூக்குமேடைக்குக் காத்திருக்கும் கைதி, உயிருக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று எண்ணிக்கொண்டே பாடுகிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நிமிஷம் குறையும். கடைசிச் சாப்பாடாக பீன்ஸ் கொடுத்தார்கள், எப்படி இருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை என்கிறான். பாதிரியார் நரக நெருப்பைப் பற்றிப் பேசுகிறார், இவனுக்கோ குளிர் நடுக்குகிறது. 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகளுக்கு முன்னாலேயே கேஷ் இதைப் பாடினார். அந்தப் பதிவில் அவர்களின் ஆரவாரம் கேட்கும்.

இரண்டுக்கும் பொதுவாக நான் கண்டது ஒன்று உண்டு, பட்டியல். ஹிலேர் பெல்லாக் 1907இல் எழுதிய கவிதையில் ஆயாவின் கையை உதறிவிட்டு ஓடிய ஜிம் என்ற பையனைச் சிங்கம் தின்கிறது, கால் விரலில் தொடங்கி, குதிகால், கணுக்கால், முழங்கால் என்று படிப்படியாக மேலே. சில்வர்ஸ்டீனின் மலைப்பாம்புப் பாட்டிலும் விழுங்குவது கால் விரலிலிருந்துதான் தொடங்குகிறது. கேஷ் அதையும் 1966இல் பாடியிருக்கிறார். ப்ரைனிடம் உறுப்புப் பட்டியல், தூக்குக் கைதியிடம் நிமிஷப் பட்டியல். எட்வர்ட் கோரி 1963இல் ஆங்கில அகரவரிசைப்படி 26 குழந்தைகளைச் சாகடித்தார், எழுத்துக்கு ஒன்றாக. அளந்து பார்க்க முடியாத ஒன்றை விரல் விட்டு எண்ணும் சங்கதியாக்கும்போது அதன் பூதாகாரம் கொஞ்சம் குறைகிறது.

செத்தவங்களைக் கேலி பண்றது பாவம் இல்லையா?

செத்தவரைக் கேலி செய்தால் பாவம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன பாட்டுகளில் பாடையில் கிடப்பது யார் என்று பாருங்கள். ப்ரைன் பாட்டில் தேவதூதர்கள் 'ஜான்' என்றே கூப்பிடுகிறார்கள். தூக்குமேடையில் நிற்பவன் 'நான்' என்கிறான். பாடுபவனே பிணமாகப் படுத்துக்கொள்கிறான். தன் சாவைத் தானே கிண்டல் செய்ய ஒருவனுக்கு முழு உரிமை உண்டு, அதில் யார் மனமும் புண்படாது.

புதுப் பாட்டு ஒன்றைக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிரிப்பவன் பாடைக்குள் இருக்கிறானா, வெளியே நின்று விரல் நீட்டுகிறானா? கிரஹாமின் பில்லியும் பெல்லாக்கின் ஜிம்மும் இதில் தேறமாட்டார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் நிஜப் பிள்ளைகள் இல்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளை மிரட்ட எழுதப்பட்ட நீதிக்கதைகளை நையாண்டி செய்யப் பிறந்த பொம்மைகள். ஜிம்மின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்காதவன்தானே, எனக்கு ஆச்சரியமில்லை என்பாள். கேலி பையனின் மேல் இல்லை, அப்படி உபதேசம் பேசும் பெரியவர்கள் மேல்.

இதெல்லாம் உடம்பு நல்லா இருக்கிறவன் பாடுற திமிர்ப் பாட்டு. நிஜமா சாகப்போறவன் இப்படிப் பாடுவானா?

பாடியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாட்டுகளின் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

ஜிம்மி ராட்ஜர்ஸ், கன்ட்ரி இசையின் தந்தை என்று சொல்லப்படுபவர். மிசிசிப்பி மாநிலத்தில் ரயிலில் பிரேக்மேனாக வேலை பார்த்தவர். 1924இல் காசநோய் என்று தெரிந்தது, அப்போது அதற்கு மருந்து கிடையாது. 1931இல் 'டி.பி. புளூஸ்' பாடினார். சிங்கம் மாதிரி சண்டை போடுகிறேன், ஆனாலும் தோற்றுவிடுவேன் போலிருக்கிறது, ஏனென்றால் இந்த டி.பி.யை ஜெயித்தவன் எவனும் இல்லை என்று பாடுகிறார். சுடுகாடு தனிமையான இடம், மல்லாக்கப் படுக்கவைத்து மூஞ்சியில் மண்ணை அள்ளிப் போடுவார்கள் என்றும் ஒரு வரி. 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஸ்டூடியோவில் ஒரு கட்டிலைப் போட்டு, பாட்டுக்குப் பாட்டு படுத்து எழுந்து பாடினார். முடித்த இரண்டாம் நாள் இறந்தார், வயது 35.

மேலே சொன்ன ஸ்டீவ் குட்மேனுக்கு இருபது வயதையொட்டியே ரத்தப் புற்றுநோய். அவர் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் வெறியர். அந்த அணி 1908க்குப் பிறகு 2016 வரை வேர்ல்ட் சீரிஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரில் வென்றதே இல்லை. சாகக் கிடக்கும் கப்ஸ் ரசிகனின் கடைசி ஆசை என்று ஒரு பாட்டு எழுதினார். என் ஈமச்சடங்கை கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லியில் நடத்துங்கள், பேஸ்பால் மட்டைகளை அடுக்கிச் சிதை மூட்டுங்கள், சாம்பல் காற்றில் பறந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டித் தெருவில் விழட்டும் என்கிறான் அந்த ரசிகன். எழுதியவரே சாகக் கிடப்பவர் என்பதை மனதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். குட்மேன் 1984 செப்டம்பர் 20 அன்று 36 வயதில் இறந்தார். நான்கே நாளில் கப்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்து, 1945க்குப் பிறகு முதல் தடவையாக அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

ஹாங்க் வில்லியம்ஸுக்குத் தன் சாவு முன்னாடியே தெரியும்ங்கிறாங்களே?

இல்லை. உயிரோடு இந்த உலகத்தை விட்டுப் போகவே முடியாது என்று சொல்லும் அவருடைய பாட்டு 1952 நவம்பரில் வெளியானது. 1953 ஜனவரி 1 அன்று, ஒஹாயோவில் கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்துகிடந்தார், வயது 29. அந்த மாதமே பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. உடனே, தெரிந்துதான் பாடினார் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

பாட்டைக் கேட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. அது சுத்தமான காமெடிப் பாட்டு. தூரத்து மாமா செத்து சொத்து வருகிறது, அனுபவிக்கும் நேரத்தில் ஒரு வக்கீல் வந்து, இவன் பிறக்கவே இல்லை, முட்டையிலிருந்து பொரிந்தவன் என்று நிரூபித்துவிடுகிறார். இப்படியே துரதிர்ஷ்டத்துக்கு மேல் துரதிர்ஷ்டம். முதுகுவலியும் குடியும் மருந்தும் சேர்ந்து அவர் உடம்பைக் கெடுத்திருந்தது நிஜம். ஆனால் பாட்டு தீர்க்கதரிசனம் இல்லை. அதை ஆவிக் குரலாக மாற்றிக் கேட்பது, நன்றாக எழுதிய நகைச்சுவைக்கு நாம் செய்யும் அநியாயம்.

சொர்க்கம், கடவுள்னு அதையும் கிண்டல் பண்றாங்களே?

உரிமையோடு பேசுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ப்ரைனின் 2018ஆம் வருஷத்து ஆல்பத்தில் கடைசிப் பாட்டு, சொர்க்கத்துக்குப் போனதும் என்ன செய்யப்போகிறேன் என்பது. முதல் வேலையாகக் கடவுளோடு கைகுலுக்கி, ஒரு மனிதன் தாங்கக்கூடியதைவிட அதிகமாகவே கொடுத்தாய் என்று நன்றி சொல்கிறார். அப்புறம்தான் இசைக்குழுவும் ஹோட்டல் அறையும். தனக்குத் தீங்கு செய்த எல்லாரையும் மன்னித்து, சில விமர்சகர்களைக்கூடக் கூப்பிடுகிறார். அதன்பின் அம்மா, அப்பா, அண்ணன், சித்தி பெரியம்மா எல்லாரையும் தேடிப் போகிறார். இதில் நிந்தனை எங்கே இருக்கிறது?

குடி, கஞ்சா, சிகரெட். செத்த பிறகும் இதைத்தான் கேட்பாங்களா?

நிறையப் பாட்டுகளில் அப்படித்தான். ஜோ டிஃபி 1993இல் பாடியது: நான் செத்தால் மதுக்கடையில் பாட்டுப்பெட்டி பக்கத்தில் சாய்த்து நிறுத்துங்கள், கையில் ஒரு கிளாஸ் கொடுங்கள், பூட்ஸில் மணலை நிரப்புங்கள். பிணம் சாயாமல் நிற்கவேண்டுமே, அதற்குத்தான் மணல். அந்த மணல்தான் பாட்டின் உயிர் என்பேன். வில்லி நெல்சன், செத்தால் என்னைச் சுருட்டிப் புகைத்துவிடுங்கள் என்று பாடினார். கஞ்சாவுக்குப் பேர்போனவர் அவர். அவர் செத்துவிட்டதாக அடிக்கடி வதந்தி கிளம்ப, இன்றைக்கும் எழுந்தேன், இன்னும் சாகவில்லை என்று 2017இல் அதற்கும் ஒரு பாட்டு பாடினார்.

ப்ரைன் விஷயம் வேறு. சொர்க்கத்தில் ஒன்பது மைல் நீள சிகரெட் பிடிப்பேன் என்று பாடியவருக்கு 1998இல் கழுத்திலும் 2013இல் நுரையீரலிலும் புற்றுநோய் வந்து அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. புகைப்பதை விட்டுவிட்டார், ஆசை விடவில்லை. பூமியில் முடியாததை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார். அந்த ஒன்பது மைலைக் கேட்டுச் சிரிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கல்லறையிலேயே ஜோக் எழுதி வைப்பாங்களாமே, நிஜமா?

நிஜம். 1732இல் இறந்த நாடகாசிரியர் ஜான் கேயின் நினைவுச்சின்னம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. வாழ்க்கை ஒரு வேடிக்கை, எல்லாமே அதைத்தான் காட்டுகின்றன, அன்று அப்படி நினைத்தேன், இன்று தெரிந்துகொண்டேன் என்று அவரே எழுதிய இரண்டு வரி அதில் பொறித்திருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் டாரதி பார்க்கர், தூசிக்கு மன்னிக்கவும் என்று தன் கல்லறைக்கு வாசகம் சொல்லிவைத்தார். 1967இல் இறந்த அவருடைய அஸ்தி வாங்க ஆளில்லாமல் வக்கீல் அலுவலகத்து ஃபைல் பெட்டியில் பல வருஷம் கிடந்தது. 1988இல் பால்டிமோரில் ஒரு தோட்டத்தில் வைத்தார்கள். 2020இல்தான் நியூயார்க்கில் குடும்பத்துக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊரே சேர்ந்து சிரிப்பது ருமேனியாவில். சபன்ட்சா என்ற கிராமத்தில் ஸ்டான் இயோன் பத்ராஷ் என்ற தச்சர் 1935லிருந்து மரச் சிலுவைகளுக்கு நீலச் சாயம் பூசி, இறந்தவரின் படத்தைச் செதுக்கி, அவரே பேசுவது மாதிரி ஊர்ப் பேச்சில் கவிதை எழுதிவைத்தார். குடித்தவர் குடித்தேன் என்பார். மாமியாரின் சிலுவையில் மருமகன் பேசுகிறான்: சத்தம் போடாமல் போங்கள், எழுந்து வந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். 1977இல் தான் சாகும் முன் பத்ராஷ் தனக்கும் ஒரு சிலுவை செதுக்கிவைத்தார். இப்போது அங்கே எண்ணூறுக்கு மேல் சிலுவைகள். மெக்சிகோவில் இதற்கு நேர் எதிர். நவம்பர் மாத இறந்தோர் நாளில், உயிரோடு இருப்பவர்களை, முக்கியமாக அரசியல்வாதிகளை, மரணதேவதை வந்து இழுத்துப்போவதாகப் பாட்டு கட்டிப் பத்திரிகையிலேயே போடுவார்கள்.

நம்ம ஊர்ல இப்படி ஏதாவது உண்டா?

உண்டே. பேரன் பேத்தி எடுத்து வயதாகிப் போனால் கல்யாணச் சாவு என்கிறோம், பறையும் ஆட்டமுமாக வழியனுப்புகிறோம். வடசென்னையில் சாவு வீட்டுக் கானா இருக்கிறது. ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேட்டால், அழுகைக்கு நடுவே நாத்தனாருக்கும் பங்காளிக்கும் விழும் குத்தல் புரியும். ஒரு வித்தியாசம் உண்டு. நம் பாட்டில் பெரும்பாலும் இருப்பவர்கள் இறந்தவரைப் பார்த்துப் பாடுகிறார்கள், ப்ரைன் வகைப் பாட்டில் இறந்தவன் இருப்பவர்களைப் பார்த்துப் பாடுகிறான்.

பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டலாமா?

ஜிம்மும் சிங்கமும் குழந்தைகளுக்குத்தான் எழுதப்பட்டது, தாராளமாகப் படிக்கலாம். சிங்கம் எதுவரைக்கும் தின்றிருக்கிறது என்று அவர்களே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் மட்டும் இப்போது வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

தற்கொலையைப் பத்தின கவிதைக்கெல்லாம் சிரிக்கலாமா?

டாரதி பார்க்கரின் புகழ்பெற்ற எட்டு வரிக் கவிதையை வைத்துத்தான் இது வரும். சாவதற்கான வழிகளை ஒவ்வொன்றாக நிராகரித்து, பேசாமல் வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று முடிகிறது. அவரே அந்த இருட்டுக்குள் போய் மீண்டவர், அதன்பின் 73 வயதுவரை வாழ்ந்தார். உயிரோடு இருப்பதன் பக்கமே முடிகிற கவிதை என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் மனம் உடைந்திருக்கும் ஒருவரிடம் இதை நீட்டாதீர்கள். அவருக்குக் கவிதை வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆள் வேண்டும். இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படி இருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

'குட்பை ஏர்ல்' கொலைப் பாட்டாச்சே. உங்க கணக்குல அது எங்க வருது?

கஷ்டமான கேள்விதான். டென்னிஸ் லிண்ட் எழுதி, டிக்ஸி சிக்ஸ் என்ற மூன்று பெண்கள் பாடி, 2000இல் பரபரப்பானது. கல்யாணமானதும் அடிக்க ஆரம்பிக்கும் ஏர்ல், நீதிமன்றத் தடையையும் மீறி வாண்டாவை ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்கு அடிக்கிறான். தோழி மேரி ஆன் விமானம் பிடித்து வருகிறாள். இருவரும் காராமணியில் விஷம் வைக்கிறார்கள். காணாமல் போன அவனுக்காக யாருமே ஏங்கவில்லை. அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்ப மறுத்தன.

முன்னால் சொன்ன பாடை விதிப்படி இது தேறாது, பாடையில் கிடப்பது வேறு ஆள். இருந்தாலும் என் மனம் இதைத் தள்ளவில்லை. அடிபட்டவளுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை என்று பாட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறது. பலமானவன் எளியவளைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அவள் கடைசியாக ஒரு தடவை சிரிப்பது வேறு. கொலைக்கு வழி சொல்கிறது என்று எடுத்துக்கொள்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் கேட்காமல் இருப்பது அவர்கள் விருப்பம்.

போன மாசம்தான் அப்பா தவறிட்டாரு. இந்தப் பாட்டையெல்லாம் இப்போ கேட்கலாமா?

சிரிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உங்களுக்காகத் தோன்றினால் கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள். பெரும்பாலும் முதல் சிரிப்பு பாட்டிலிருந்து வராது. அப்பா கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிய கதையை அத்தை சொல்லும்போது வரும். அது வந்தால் அடக்காதீர்கள், சிரித்ததற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முதல் ஜோக் பறிகொடுத்தவர் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் தொடங்காதீர்கள், பாட்டு லிங்க்கையும் அனுப்பாதீர்கள். இறந்தவரே விரும்பிக் கேட்ட பாட்டு என்றால் மட்டும் விதிவிலக்கு.

அவங்க கேட்ட மாதிரியே அவங்களுக்கு நடந்துச்சா?

குட்மேனின் சாம்பலில் கொஞ்சம் சில வருஷம் கழித்து ரிக்லி மைதானத்தில் தூவப்பட்டது. ஜோ டிஃபி 2020 மார்ச் 29 அன்றும் ஜான் ப்ரைன் ஏப்ரல் 7 அன்றும் இறந்தார்கள், இருவருக்கும் கொரோனா. கூட்டமே கூட முடியாத காலம். தங்கள் சாவைத் திருவிழாவாகப் பாடிய இரண்டு பேருக்கும் அப்போது பத்துப் பேர் கூடி நிற்க வழியில்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ப்ரைன் 1971இல் வேறொரு பாட்டில், நான் செத்தால் கென்டக்கியின் கிரீன் ஆற்றில் என் சாம்பலைக் கரையுங்கள் என்று கேட்டிருந்தார். பாதியை அங்கே கரைத்தார்கள். மீதிப் பாதியைச் சிகாகோவில் அப்பா அம்மா பக்கத்தில் வைத்தார்கள்.

தமிழ்ல நானே ஒண்ணு எழுதிப் பார்க்கலாமா?

எழுதுங்கள், தமிழ் இதற்குத் தோதான மொழி. எதுகை கையில் இருக்கும்போது பாதி வேலையை அதுவே செய்துவிடும். ஊருக்கெல்லாம் கடன் கொடுத்துக் கேட்கக் கூச்சப்பட்ட பெரியவர் ஒருவர் பேசுவதாக நான் எழுதியது இது:

பெட்டியிலே வைக்கும்முன் கண்ணாடி மாட்டுங்கள்
கிட்டவந்து பார்ப்பவர் யாரென்று தெரியணுமே
கட்டியழும் கூட்டத்தில் கடன்வாங்கிப் போனவனைத்
தட்டிக் கேட்க இன்றுதான் தைரியம் வந்ததடா!

ஆள் செத்துவிட்டார், ஆனால் மூக்குக்கண்ணாடி மேல் கவலை போகவில்லை. டிஃபியின் மணல், ப்ரைனின் வீட்டுச் செருப்பு மாதிரி கையால் தொடக்கூடிய ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். விதி, நிலையாமை, காலன் என்று பெரிய வார்த்தைகள் வந்தால் அடித்துவிடுங்கள். பேசுவது செத்தவராகவே இருக்கட்டும். எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் சிரிப்பும் தடுக்கும். வேறொருவரைப் பற்றி எழுதத் தோன்றினால் அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி, அவரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள்.